தெருவில் பிறந்த சொற்கள் – 7
குழம்புச் சட்டியிலிருந்து வந்த ‘டோப்’

இந்த வாரச் சொல் பிறந்தது சமையலறையில். தொட்டுக்கொள்ளும் குழம்புக்கு டச்சுக்காரர்கள் வைத்திருந்த பெயர் அது. தோய்த்தல் என்ற வினையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களோடு அதுவும் கப்பலேறியது. ஆங்கிலத்தில் கலந்ததும், கெட்டியாகக் குழகுழவென்று இருக்கும் எதுவும் ‘டோப்’ ஆனது. கம்பி நுனியில் எடுத்து, விளக்குச் சுடரில் வாட்டி, குழாயில் வைத்துப் புகைக்கும் அபினையும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்படியே அழைத்தார்கள். அதோடு சொல் தெருவுக்கு வந்துவிட்டது.

பிறகு எல்லாப் போதைப்பொருளும் டோப்தான். இந்தச் சொல்லைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துப் பார்ப்போம். ‘ட்ரோக்’ என்று எழுதலாம், தப்பில்லை. ஆனால் அதில் தெரு இல்லை. தெருவில் சொல்வது ‘காம்’. மட்டமான சரக்கைக் குறிக்கும் ‘காம்லோட்’ என்பதன் சுருக்கம். நம் ஊரில் கடைச் ‘சரக்கு’ பாட்டிலுக்குள் போனதும் இதே வழியில்தான்.

மந்தபுத்திக்காரனையும் டோப் என்பார்கள். பிரெஞ்சுக்காரர் அவனை ‘ஆந்தூய்’ என்று திட்டுவார். பன்றிக் குடலில் செய்யும் ஒருவகைத் தொத்திறைச்சி அது!

குதிரைப் பந்தயத்தில் வேறொரு பொருள். எந்தக் குதிரைக்கு மருந்து ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தவனிடம் ‘டோப்’ இருக்கிறது. அதாவது துப்பு இருக்கிறது. பிரெஞ்சுப் பந்தயக்காரர் இதைக் ‘குழாய்’ என்கிறார். பொய்த்துப்போன துப்பு, ஓட்டைக் குழாய். மூலத்தைவிட மொழிபெயர்ப்பு அழகாக அமைந்த இடம் இது.

என்னை மிகவும் தொட்ட பொருள் அமெரிக்கத் தென்மாநிலங்களில் வழங்கியது. அங்கே கோக்காகோலாவுக்கே டோப் என்று பெயர் இருந்தது. 1886இல் அட்லாண்டாவில் அது பிறந்தபோது அதில் கோக்கா இலைச் சாறு இருந்ததே! கரோலினா பஞ்சாலைகளில் குளிர்பானமும் தின்பண்டமும் ஏற்றி, இயந்திரங்களுக்கு நடுவே தள்ளிவந்த வண்டி ‘டோப் வண்டி’. பிரெஞ்சில் ‘கோக்கா’ என்று எழுதினால் பானம் வந்துவிடும்; வண்டி வராது. அடிக்குறிப்புதான் போடவேண்டும்.

1980களில் ராப் பாடகர்கள் வாயில் இதே சொல் ‘பிரமாதம்’ என்று பரவியது. பிரெஞ்சு இளைஞருக்கு அது ‘மோர்தெல்’, சாகடிக்கக்கூடியது. நம் பையன்களின் ‘மரண மாஸ்’ அதற்கு உடன்பிறப்பு.

விளையாட்டு வீரர்கள் எடுக்கும் ஊக்கமருந்துக்கும் இதே சொல்தான். இதை மட்டும் பிரெஞ்சு மொழிபெயர்க்கவில்லை. சொல்லையே எடுத்துக்கொண்டு ‘தொப்பாழ்’ ஆக்கியது. 1967 ஜூலை 13 அன்று தூர் த ஃபிரான்ஸ் பந்தயத்தில், வான்தூ மலையேற்றத்தில் சைக்கிளிலிருந்து சரிந்து இறந்தார் இங்கிலாந்து வீரர் டாம் சிம்ப்சன். உடற்கூறாய்வில் ஆம்ஃபெட்டமைனும் மதுவும் தெரிந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே பிரான்ஸ் ஊக்கமருந்துக்கு எதிராகச் சட்டம் போட்டிருந்தது. அந்த 1965 சட்டத்தின் தலைப்பில் இருந்தது ‘ஊக்கப்பொருள்கள்’ என்ற சொல். 1999 சட்டத்தின் தலைப்பில் ‘தொப்பாழ்’ என்றே அச்சானது.

(அடுத்த வாரம்: ‘ஹூட்’)