பட்டப் படிப்பில் பொது வேதியியல்: மல்லேஸ்வரம் தரும் பாடம்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் உள்ள ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவர் தூய நீரைக் கொதிக்க வைத்து வெப்பமானியை நோக்கினால், அது ஏறத்தாழ 97 பாகை செல்சியஸில் நின்றுவிடுவதைக் காண்பார். பாடநூலோ நீரின் கொதிநிலை 100 பாகை என்கிறது. வெப்பமானி பழுதுற்றது எனக் கருதி, பதிவேட்டில் 100 என்றே எழுதிவிடும் மாணவரும் உண்டு. வேறுபாட்டின் காரணத்தை வினவும் மாணவரும் உண்டு. பொது வேதியியல் என்னும் பாடத்தின் வெற்றியும் தோல்வியும் இவ்விருவருக்கும் இடையேயுள்ள வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளன.

காரணம் எளிதானது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு வளிமண்டல அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம் அன்று. ஏறக்குறைய 680 மட்டுமே. ஒரு நீர்மத்தின் ஆவியழுத்தம் புற அழுத்தத்துக்குச் சமமாகும்போது அது கொதிக்கிறது. அழுத்தம் குறைந்த இடத்தில் குறைந்த வெப்பநிலையிலேயே அச்சமநிலை எய்தப்படுகிறது. சென்னையில் அமர்ந்து படிப்பவருக்கு வெறும் சூத்திரமாகத் தோன்றும் ஒன்று, மல்லேஸ்வரத்தில் கண்கூடான உண்மையாகிறது.

மோல் என்னும் அளவை

பொது வேதியியலின் அடித்தளம் மோல் கருத்தாகும். 6.022×10²³ துகள்களைக் கொண்ட பொருளின் அளவே ஒரு மோல். அரிசியைப் படியால் அளப்பதுபோல், எண்ணிலடங்கா அணுக்களையும் மூலக்கூறுகளையும் அளக்க வேதியியலார் வகுத்துக்கொண்ட படி அது. ஒரு மோல் வளிமம் 22.4 லிட்டர் இடத்தை அடைக்கும் என மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். ஆனால் அது 0 பாகை செல்சியஸ், 760 மில்லிமீட்டர் அழுத்தம் என்னும் நிலைமைகளுக்கு மட்டுமே உரியது. 27 பாகை வெப்பமும் 680 மில்லிமீட்டர் அழுத்தமும் உள்ள பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் அதே வளிமம் ஏறத்தாழ 27.5 லிட்டர் இடத்தை அடைக்கும். நிலைமையை மறந்து எண்ணை மட்டும் நினைவில் கொண்டவர், ஆய்வின் விடையில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் பிழை செய்வார்.

சந்தன மரமும் ஆவி வடித்தலும்

மல்லேஸ்வரத்தை அடுத்துள்ள இந்திய அறிவியல் கழகம் 1909-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. 1911-இல் அங்குப் பயிற்சி தொடங்கியபோது முதலில் இயங்கிய துறைகளுள் பொது வேதியியல் துறையும் ஒன்று. கழகத்தின் முதல் இயக்குநரான மாரிஸ் டிராவர்ஸ், வில்லியம் ராம்சேயுடன் சேர்ந்து 1898-இல் நியான், கிரிப்டான், செனான் ஆகிய தனிமங்களைக் கண்டறிந்தவர் ஆவார்.

அந்நாளில் மைசூர் அரசின் சந்தனக் கட்டைகள் பெருமளவில் ஜெர்மனிக்குச் சென்று, அங்கு எண்ணெயாக வடிக்கப்பட்டு வந்தன. 1914-இல் போர் மூண்டதும் அச்சந்தை அடைபட்டது, கட்டைகள் தேங்கின. திவான் விசுவேசுவரய்யாவின் நிருவாகம் இந்நெருக்கடிக்கு அறிவியலின் துணையை நாடியது. கழகத்தின் பேராசிரியர்களான சட்பரோவும் வாட்சனும் வடிக்கும் முறையை ஆராய்ந்து வகுத்தனர். 1916-இல் பெங்களூரிலேயே எண்ணெய் வடித்தல் தொடங்கியது. 1918-இல் அரசின் சோப்புத் தொழிற்சாலையும் உருவாயிற்று. பிற்காலத்தில் மல்லேஸ்வரத்துக்கு அருகே அமைந்த அத்தொழிற்சாலையின் பெயரை இன்று ஒரு மெட்ரோ ரயில் நிலையமும் தாங்கி நிற்கிறது.

இவ்வரலாற்றினுள் முதலாண்டுப் பாடம் ஒன்று பொதிந்துள்ளது. சந்தன எண்ணெயின் முதன்மைக் கூறான சாண்டலால், ஏறத்தாழ 300 பாகையில்தான் கொதிக்கும். அந்த வெப்பத்தில் எண்ணெயின் மணமும் தரமும் கெடும். ஆனால் ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்கள் சேர்ந்திருக்கையில், அவற்றின் ஆவியழுத்தங்களின் கூட்டுத்தொகை புற அழுத்தத்தை எட்டினாலே போதும். இரண்டும் சேர்ந்து வடியும். டால்டனின் பகுதியழுத்த விதி கூறுவது இதுவே. எனவே நீராவியின் துணையுடன் 100 பாகைக்கும் குறைவான வெப்பத்திலேயே எண்ணெய் வெளிவருகிறது.

எடுத்துக்காட்டாக, வடிகலத்தில் எண்ணெயின் ஆவியழுத்தம் 1 மில்லிமீட்டர், நீரினுடையது 679 எனக் கொள்வோம். சாண்டலாலின் மூலக்கூறு எடை 220, நீரினுடையது 18. அவ்வாறாயின் ஒரு கிலோகிராம் நீருடன் சுமார் 18 கிராம் எண்ணெயே வடியும். சந்தனக் கட்டைத் தூளை நெடுநேரம் வடிக்க வேண்டியிருப்பது ஏன், எரிபொருட் செலவு மிகுவது ஏன் என்பன இதனால் விளங்கும். வகுப்பறைக் கணக்கு இங்கே தொழிற்சாலையின் வரவு செலவுக் கணக்காகிறது.

சோப்பின் கதையும் அத்தகையதே. ஒரு மோல் கொழுப்புக்கு மூன்று மோல் எரிசோடா வேண்டும். தேங்காய் எண்ணெயின் மூலக்கூறுகள் சிறியவை. ஆகையால் ஒரு கிலோ எண்ணெயில் அவற்றின் எண்ணிக்கை மிகுதி. அதற்கு ஏறத்தாழ 180 கிராம் எரிசோடா தேவைப்பட, கடலை எண்ணெய்க்குச் சுமார் 135 கிராமே போதும். மோல் கருத்தை அறியாதவர் எடையை மட்டும் நம்பினால், சோப்பில் காரம் மிஞ்சித் தோலை அரிக்கும்.

தடைகள் யாவை?

இவ்வளவு பயனுள்ள பாடத்தில் மாணவர் பலர் இடர்ப்படுவதற்குக் காரணங்கள் உள. முதலாவது மொழி. பள்ளியில் தாய்மொழியில் பயின்றவர் கல்லூரியில் ஆங்கிலக் கலைச்சொற்களை எதிர்கொள்ளும்போது, கருத்து அறிந்திருந்தும் சொல் அறியாமல் தயங்குகிறார். தமிழில் வேதியியல் எழுதும் முயற்சி புதியதன்று. மருத்துவர் கிறீன் 1875-இலேயே ‘கெமிஸ்தம்’ என்னும் நூலை வெளியிட்டார். பின்னர்த் தமிழ்நாட்டில் பட்ட வகுப்புக்கான வேதியியல் நூல்கள் பலவும் வெளிவந்தன. இரு மொழிக் கலைச்சொற்களையும் அருகருகே பயிற்றுவிப்பதே மாணவருக்கு உற்ற துணையாகும்.

இரண்டாவது, ஆய்வுக்கூடம் தேர்வுக்கான சடங்காகிவிடுவது. தரம் பார்த்தலில் ‘சரியான’ விடையை முன்னரே அறிந்து, அதற்கேற்பப் பியூரெட் அளவை எழுதும் பழக்கம் பரவலானது. இதற்கு மாற்று எளிதே. மாணவர் தம் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரையும் குழாயில் வரும் காவிரி நீரையும் கொண்டுவந்து, ஈ.டி.டி.ஏ. கரைசலால் அவற்றின் கடினத்தன்மையை அளக்கட்டும். சிவப்பு நிறம் நீலமாக மாறும் அத்துளியில் விடை யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே பொய்யெழுதவும் இடமிராது. இதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை.

மூன்றாவது, பாடங்களைத் தனித்தனிச் சிமிழ்களில் அடைப்பது. நெடுங்காலம் உயராய்வுக்கே உரியதாயிருந்த இந்திய அறிவியல் கழகம், 2011-இல் நான்காண்டு இளநிலைப் படிப்பைத் தொடங்கியபோது, தொடக்கப் பருவங்களில் வேதியியல், இயற்பியல், கணிதம், உயிரியல் ஆகியவற்றை எல்லா மாணவருக்கும் பொதுவாக்கியது. சாதாரணக் கல்லூரிகளும் தம் அளவில் மேற்கொள்ளத்தக்க நெறி இது.

செய்யத்தக்கன

பாடத்திட்டம் வகுப்போர் பாடங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, ஆய்வுக்கூட நேரத்தைக் காப்பதிலும், உதவியாளர் பணியிடங்களை நிரப்புவதிலும், உள்ளூர்ப் பொருள்களை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வதிலும் கருத்தூன்றுதல் வேண்டும். மாணவர் ஒவ்வொரு விதியையும் கற்கும்போது, அது எந்நிலைமையில் பொருந்தும் என வினவும் பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்.

தேங்கிக் கிடந்த சந்தனக் கட்டைகள் ஒரு தொழிலாக மலர்ந்ததற்கு ஆவியழுத்தத்தைச் சரியாக அளந்து அறிந்தவர்களே காரணம். மல்லேஸ்வரத்து மாணவர் தம் பதிவேட்டில் 97 என்று தயங்காது எழுதி, அதன் காரணத்தையும் அருகே குறிக்கும் நாளில்தான் பொது வேதியியல் தன் பணியைச் செய்ததாகக் கொள்ளலாம்.