சத்தம் 5 மணிக்கு நிற்கும், தூசு நிற்காது

மின்தூக்கிக்குப் பக்கத்தில் புதுப்பிப்புப் பணி அறிவிப்பு ஒட்டப்பட்டதும் நாம் முதலில் கவலைப்படுவது சத்தத்தைப் பற்றித்தான். தேர்வு நேரமென்றால் கேட்கவே வேண்டாம். சத்தத்துக்காவது விதி உண்டு. வீவக வீடுகளில் சுவரை இடிப்பது, தரை ஓடுகளைப் பெயர்ப்பது போன்ற வேலைகளை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே செய்யலாம். அந்த வேலையில் கிளம்பும் தூசுக்கு அப்படிக் கடிகாரம் எதுவும் இல்லை.

சொந்தச் செலவில் வீட்டைப் புதுப்பிப்பவர்கள் சில வாரங்கள் உறவினர் வீட்டுக்குப் போய்விடலாம். வீடு மேம்பாட்டுத் திட்டத்தில் கழிவறைகள் புதுப்பிக்கப்படும்போது பல குடும்பங்கள் அதே வீட்டில்தான் இருக்கின்றன. கழிவறையில் ஓடு உடைபடும். பக்கத்து அறையில் பாட்டி படுத்திருப்பார். ஆஸ்துமா உள்ள தம்பி கூடத்தில் பாடம் படித்துக்கொண்டிருப்பான்.

ஓடு, சிமெண்டு, கான்கிரீட் மூன்றிலும் படிகச் சிலிக்கா இருக்கிறது. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் அது பொடியாகப் பறக்கும். அசையாத காற்றில் 10 மைக்ரான் அளவுள்ள துகள், கூரை உயரத்திலிருந்து தரையைத் தொட ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கோ சுமார் எட்டு மணி நேரம் தேவை. மின்விசிறி சுழன்றால் இன்னும் தாமதமாகும். மேசைமேல் வெள்ளையாகப் படிந்ததைத் துடைத்துவிட்டு வீடு சுத்தமாகிவிட்டது என்று நாம் நினைக்கும் நேரத்தில், நுரையீரலின் அடிவரை போகக்கூடிய துகள்கள் இன்னும் மிதந்துகொண்டுதான் இருக்கும்.

இங்கேதான் ‘ஏர் ஸ்க்ரப்பர்’ வருகிறது. பெயர் பெரிதாக இருந்தாலும் உள்ளே இருப்பவை ஒரு வலுவான விசிறியும் சில வடிகட்டிகளும்தான். முதல் வடிகட்டி பெரிய தூசியைப் பிடிக்கும். அதன் பிறகு வருவது ஹெப்பா வடிகட்டி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அணுகுண்டு தயாரிப்புத் திட்டத்தில் கதிரியக்கத் துகள்களைப் பிடிக்க உருவானதன் வழித்தோன்றல் இது. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டை இது பிடித்துவிடும். அதைவிடச் சிறிய துகள்கள் நழுவிவிடுமே என்று தோன்றலாம். உண்மையில் பிடிக்கச் சிரமமானதே 0.3 மைக்ரான் அளவுதான். இன்னும் சிறியவை காற்று மூலக்கூறுகள் மோதுவதால் தாறுமாறாக அலைந்து, வடிகட்டியின் இழைகளில் தாமாகவே சிக்கிக்கொள்ளும். இயற்பியல் வகுப்பில் படித்த பிரவுனிய இயக்கம் இங்கே நமக்காக வேலை செய்கிறது!

கருவியை வாடகைக்கு எடுப்பதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.6 மீட்டர் உயரமுள்ள கூடத்தின் கொள்ளளவு சுமார் 62 கன மீட்டர். மணிக்கு 850 கன மீட்டர் காற்றை இழுக்கும் கருவி, அந்தக் கூடத்தின் காற்றை மணிக்கு 13 முறைக்கு மேல் வடிகட்டும். இது தாராளம். ஆனால் கதவைத் திறந்து வைத்தால் கணக்கு குலைந்துவிடும். வீட்டின் மொத்தக் காற்றோடும் அது போராட வேண்டியிருக்கும்.

ஆகவே, கருவியைவிட முக்கியம் அறையை அடைப்பது. வேலை நடக்கும் அறையின் வாசலைப் பிளாஸ்டிக் விரிப்பாலும் ஒட்டு நாடாவாலும் மூடி, கருவி வெளியேற்றும் காற்றைக் குழாய் வழியாகச் சன்னலுக்கு வெளியே விட வேண்டும். அப்போது அறைக்குள் காற்றழுத்தம் சற்றுக் குறையும். இடுக்குகள் வழியே காற்று உள்ளே வருமே தவிர, தூசு வெளியே போகாது. இடுக்கருகே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். அது உள்பக்கமாக வளைந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது.

புகைமூட்டக் காலத்தில் வாங்கிய காற்றுச் சுத்திகரிப்பான் வீட்டில் இருக்கிறதே என்று கேட்கலாம். அதைப் படுக்கையறையில் கதவை மூடி ஓடவிடுங்கள். ஓடு உடைக்கும் இடத்தில் வைத்தால் அதன் வடிகட்டி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

வாயுக்கள் வேறு கதை. புது அலமாரிகளின் ஒட்டுப்பலகையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடை ஹெப்பா வடிகட்டி தொடவே தொடாது. சாதாரணக் கரி வடிகட்டியும் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. இதற்கென்று வேதிப்பொருள் ஏற்றிய வடிகட்டி வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் கூடக்கூட இந்த வாயு அதிகமாக வெளிவரும். நம் பருவநிலையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? சன்னல்களைத் திறந்து வைப்பதே நல்லது. ‘ஓசோன் விட்டுச் சுத்தம் செய்கிறோம்’ என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓசோனே நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு.

இவ்வளவும் வீட்டில் இருப்பவர்களுக்கு. ஓட்டை அறுக்கும் ஊழியர் நிற்பதோ தூசு மிக அடர்த்தியாக இருக்கும் இடத்தில். தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்த பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். நமக்குச் சில நாள் தொல்லை, அவர்களுக்கு அன்றாடம். சிலிக்கா தூசு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உண்டாக்கும் சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்த வழியில்லை. ஒரு காலத்தில் சிங்கப்பூரின் கருங்கல் குவாரிகளில் வேலை செய்தவர்களைத் தாக்கிய நோய் அது. அறையின் மூலையில் ஓடும் கருவி, அறுக்கும் இடத்திலேயே எழும் தூசியை அவர் மூச்சில் சேர்வதற்கு முன் பிடித்துவிடாது. தண்ணீர் விட்டு அறுப்பது, தூசியை அங்கேயே உறிஞ்சும் கருவி, முகத்தில் சரியாகப் பொருந்தும் என்95 முகக்கவசம் ஆகியவைதான் அவரைக் காக்கும். குத்தகையாளர் விலைப்பட்டியல் தரும்போது இவை அதில் இருக்கின்றனவா என்று அப்பா, அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள்.