பிராசஸரின் தலையில் ஒரு கிலோ பாரம்!

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் 'உர்ர்...' என்று ஒரு சத்தம் வருகிறதே, கவனித்திருக்கிறீர்களா? அதில் ஒரு பங்கு, கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரைக் குளிர வைக்கும் 'கூலர்' போடும் சத்தம்தான். சில கூலர்கள் ஒரு கிலோவுக்கு மேல் எடை உள்ளவை. ஏன் இவ்வளவு கனம்? வாங்க, பார்ப்போம்.

பிராசஸர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. 2004-ஆம் ஆண்டு வந்த பெண்டியம் 4 பிராசஸர்களில் சில, 115 வாட் வரை வெப்பத்தை வெளியிட்டன. எரிகிற 100 வாட் குண்டு பல்பை நம்மால் தொட முடியுமா? அதைவிட அதிகமான சூடு, உங்கள் கட்டைவிரல் நகம் அளவே உள்ள ஒரு சில்லில் இருந்து வந்தது! இந்தச் சூட்டை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால், பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு தணியாவிட்டால் கம்ப்யூட்டர் நின்றுவிடும்.

காபி சொல்லும் பாடம்

சூடான காபியை டம்ளரில் இருந்து டவராவில் ஊற்றினால் சீக்கிரம் ஆறிவிடுகிறது. காற்று படும் பரப்பு கூடுவதே காரணம். வாயால் ஊதினால் இன்னும் சீக்கிரம் ஆறும். கூலரும் இப்படித்தான் வேலை செய்கிறது. அதன் உலோக அடிப்பாகம் பிராசஸரின் சூட்டை வாங்கி, வரிசையாக நிற்கும் மெல்லிய தகடுகளுக்கு அனுப்பும். மின்விசிறி அந்தத் தகடுகளுக்கு இடையே காற்றை வீசும்.

தகடுகளை நெருக்கி அடுக்கினால் பரப்பு கூடும்தான். ஆனால், இடைவெளி குறைந்தால் காற்று நுழையத் திணறும். அப்போது விசிறி வேகமாகச் சுழல வேண்டும். சத்தம் அதிகமாகும்!

செம்பா, அலுமினியமா?

செம்பு, அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால், ஒரே அளவுள்ள இரண்டு கட்டிகளை எடுத்தால், செம்புக் கட்டி மூன்று மடங்குக்கு மேல் கனம்.

தென் கொரியாவின் சல்மான் நிறுவனம் 'சிஎன்பிஎஸ் 7000' என்ற கூலரை ஒரே வடிவில் இரண்டு விதமாகச் செய்தது. முழுவதும் செம்பால் ஆனது 773 கிராம். செம்புத் தகடுகளோடு அலுமினியத் தகடுகளையும் சேர்த்துச் செய்தது 445 கிராம். அன்றைய பெண்டியம் 4 பிராசஸருக்கு இன்டெல் நிறுவனம் சொன்ன எடை வரம்பு எவ்வளவு தெரியுமா? 450 கிராம்!

எடைக்கு ஏன் வரம்பு?

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துப் பிடியுங்கள். பிறகு, கையை முன்னால் நேராக நீட்டிப் பிடியுங்கள். கை வலிக்கிறதா? நிற்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மதர்போர்டு, சுவரில் மாட்டிய படம்போலச் செங்குத்தாக இருக்கிறது. கூலர் அதில் இருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு தொங்குகிறது. கனம் கூடினால் மதர்போர்டு வளையும். பெட்டியைத் தூக்கும்போது பலமாகக் குலுங்கினால் உடையவும் கூடும். அதனால்தான் கனமான கூலர்களுக்கு, மதர்போர்டின் பின்பக்கம் ஒரு தாங்கு தகடு வைத்து முடுக்குகிறார்கள்.

குழாய்க்குள் நீராவி

எடையை அளவோடு வைக்க இன்னொரு வழி 'ஹீட் பைப்'. இது காற்றை வெளியேற்றி, சிறிதளவு நீர் விட்டு மூடப்பட்ட செம்புக் குழாய். சூடான முனையில் நீர் ஆவியாகும். மறுமுனையில், இட்லிப் பானை மூடியில் படிவதுபோல மீண்டும் நீராகும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, குழாயின் உட்சுவர் அந்த நீரைத் திரும்ப இழுத்து வரும். சூட்டைக் குழாய் சுமப்பதால், தகடுகள் லேசான அலுமினியமாக இருந்தால் போதும்.

ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 'என்ஹெச்-டி15' கூலரில் இப்படி 6 குழாய்கள். 140 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு. பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றாலும் நிறையக் காற்றைத் தள்ளும். அதனால் சத்தம் குறைவு. ஆனால், இரண்டு பெரிய தகடு அடுக்குகளும் விசிறிகளும் சேர்ந்து எடை 1,320 கிராம்! உயரம் 165 மில்லிமீட்டர். ஒடுக்கமான பெட்டிக்குள் இது நுழையவே நுழையாது.

நண்பர்களே, அடிக்கடி இடம் மாற்றும் கம்ப்யூட்டருக்கு எந்தக் கூலர் ஏற்றது? அமைதி தேவைப்படும் ஒலிப்பதிவு அறைக்கு எது? யோசித்து வையுங்கள். வீடு மாறும்போது, கனமான கூலர் உள்ள பெட்டியை, கூலர் மேல்நோக்கி நிற்கும்படி படுக்க வைத்து எடுத்துச் செல்ல அப்பாவிடம் மறக்காமல் சொல்லுங்கள்!