பிணமில்லாத இழவு வீடு

அயர்லாந்தின் மேற்குக்கரைக் கிராமங்களில் முன்னர் ஒரு வழக்கம் இருந்தது. மகனோ மகளோ அமெரிக்காவுக்குப் புறப்படும் முதல்நாள் இரவு, ஊரவர் அவ்வீட்டிற் கூடி விடியும்வரை விழித்திருப்பர். பிடில், ஆட்டம், குடி. இடையிடையே பெண்களின் ஒப்பாரி. அதன் பெயரே 'அமெரிக்க இழவு'. கப்பலேறியவர் பெரும்பாலும் மீளார் என்பது எல்லார்க்கும் தெரியும்.

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தோடு பெருகிய இவ்வெளியேற்றம், பஞ்சம் தீர்ந்தும் ஓயவில்லை. 1841இல் 80 இலட்சத்தைத் தாண்டியிருந்த சனத்தொகை 1911இல் ஏறத்தாழ 44 இலட்சம். அங்கிருந்து வந்த டொலர் நிலக்குத்தகையைக் கட்டியது. அடுத்த பிள்ளைக்குக் கப்பற் சீட்டும் வாங்கியது.

1964இல் அரங்கேறிய பிறயன் பிறீலின் 'பிலடெல்பியா, இதோ வருகிறேன்' என்னும் நாடகம் அத்தகைய ஓரிரவைக் காட்டுகிறது. புறப்படும் இளைஞனை இரு நடிகர்கள் நடிக்கின்றனர். ஒருவர் வெளியே பேசுபவர், மற்றவர் அவன் மனம். கடைக்காரரான தந்தையோ வழக்கமான நாலு வார்த்தைக்கு மேற் பேசார். மகன் நினைவில் இருவரும் சென்ற ஒரு நீலப் படகு. தந்தை நினைவில் மாலுமிச் சட்டை அணிந்த சிறுவன். ஒருவர் நினைவு மற்றவரைச் சேரவேயில்லை.

இதை நான் உயர்தர வகுப்பிற் சொன்னபோது ஒரு மாணவன் கேட்டான்: "தகப்பன் ஏன் சேர் மறிக்கேல்லை?" அன்று பாடம் அத்தோடு நின்றது.