ஊன ஓய்வூதியமும் பிள்ளைகளின் ஜீவனாம்சமும்

தங்கவயலில் சுரங்கம் ஓடிய காலத்தில் 'காம்பன்சேஷன்' என்ற சொல்லை அறியாத லைன் வீடு கிடையாது. பாறை விழுந்து காலை இழந்தவருக்கும், தூசியால் நுரையீரல் கெட்டவருக்கும் வந்த பணம் அது. அடிபட்டவருக்கு மட்டுமே அது சொந்தம் என்று நம் பெரியவர்கள் நினைத்ததில்லை. அந்தப் பணத்தில்தான் அடுப்பு எரிந்தது. பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமும் கட்டப்பட்டது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. நம் பிள்ளைகளில் சிலர் இராணுவச் சீருடை அணிந்தவர்கள். பெங்களூர் அல்சூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு தமிழர்களுக்குப் பழக்கமான பெயர். படைவீரர் குடும்பங்களில் இன்று எழும் கேள்வி ஒன்று உண்டு. பணியில் ஊனமுற்றுப் பென்ஷன் வாங்கும் ஒருவர் மனைவியைப் பிரிந்து வாழ்ந்தால், அந்தப் பென்ஷனிலிருந்து பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் தர வேண்டுமா?

"இது என் இரத்தத்துக்கு வந்த பணம், கோர்ட் தொட முடியாது" என்பார் தகப்பனார். "இராணுவப் பென்ஷனைத் தொட முடியாதாமே" என்று தாயாரும் மனுப் போடாமலே இருந்துவிடுவார். இரண்டு எண்ணமும் சரியல்ல. நான் வக்கீல் அல்ல. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிப்ளமோ இஞ்சினியர். சட்டத்தில் உள்ளதை எளிய முறையில் சொல்ல முயல்கிறேன்.

முதலில் பணத்தைப் புரிந்துகொள்வோம். ஊன ஓய்வூதியத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, செய்த பணிக்கான பகுதி. மற்றொன்று, ஊனத்துக்கான பகுதி. இரண்டாவது பகுதி கிடைக்க, ஊனம் இராணுவப் பணியால் ஏற்பட்டதாகவோ, பணியால் அதிகமானதாகவோ மருத்துவக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். நூறு சதவீத ஊனம் என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. ஊனம் குறையக் குறைய அதுவும் குறையும். 2023 செப்டம்பரில் வந்த புதிய விதிகளில் இந்தப் பகுதிக்குப் பெயரும் மாறியிருக்கிறது. முழு ஊனமுற்றுப் பிறர் துணையின்றி வாழ முடியாதவருக்கு உதவியாளர் படியும் உண்டு.

இனிச் சட்டம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு என்று நாம் கேட்டுப் பழகிய ஜீவனாம்சப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவாக இருக்கிறது. போதிய வசதி இருந்தும் மனைவி மக்களைக் கவனிக்காமல் விடுபவரை மாதந்தோறும் பணம் தரும்படி கோர்ட் உத்தரவிடலாம். வயது வராத பிள்ளைகளுக்கும், உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத வயது வந்த பிள்ளைகளுக்கும் இந்த உரிமை உண்டு. 'வசதி' என்பது சம்பளம் மட்டுமல்ல, பென்ஷனும் வசதிதான். பணியில் ஊனமுற்றுப் படையிலிருந்து விலக்கப்பட்டவரின் ஊன ஓய்வூதியத்துக்கு வருமான வரி இல்லை என்பது உண்மை. வரி இல்லை என்பதால் அது வருமானமே இல்லை என்று ஆகிவிடாது.

'தொட முடியாது' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 1871ஆம் ஆண்டின் பென்ஷன் சட்டத்தில் 11ஆம் பிரிவு இருக்கிறது. கடன்காரர் கேட்டு, கோர்ட் பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது என்பது அதன் சாரம். வட்டிக்குக் கொடுத்தவரிடமிருந்து வயதானவரைக் காக்க வந்த நல்ல சட்டம் அது. ஆனால் பெற்ற பிள்ளை கடன்காரனா? மனைவியைக் கடன்காரராகக் கருத முடியாது, ஆகவே ஜீவனாம்சத்துக்காகப் பென்ஷனைப் பிடிக்கலாம் என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு 2019இல் தீர்ப்பளித்தது.

ஓய்வு பெற்ற படைவீரர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கே போனது. மனைவி மனுச் செய்தது 1998இல். குடும்ப நீதிமன்றம் மாதம் 4,000 ரூபாய் என்று முடிவு சொன்னது 2012இல். கணவர் இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்று உயர் நீதிமன்றம் அதை 2,000 ஆக்கியது. 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மீண்டும் 4,000 என்றே ஆக்கியது. ஓய்வு பெற்றதாலேயே கடமை பாதியாகிவிடாது என்பது இதில் நமக்குள்ள பாடம். ஆனால் அவர் உடல் நலமுள்ளவர் என்பதும் அங்கே கணக்கில் வந்தது. ஊனமுற்றவர் விஷயத்தில் கோர்ட் அவர் நிலைமையையும் பார்க்க வேண்டும்.

கடல் கடந்தும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் வியட்நாம் போரில் முழு ஊனமுற்றவர். ஊன உதவித்தொகையே அவருக்கு முக்கிய வருமானம். இரண்டு பிள்ளைகளுக்கு மாதம் 800 டாலர் தரும்படி உத்தரவு. அந்தத் தொகையைத் தொட மாநில கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்றார் அவர். 1987இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த உதவித்தொகை வீரருக்கு மட்டுமல்ல, அவரை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் சேர்த்தே தரப்படுகிறது என்றது. அந்தத் தீர்ப்பு நம் கோர்ட்டுகளைக் கட்டாது. ஆனாலும் நியாயம் நமக்குப் புரிகிறது.

அப்படியானால் ஊனமுற்ற தகப்பனாருக்குப் பாதுகாப்பே இல்லையா? உண்டு. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த நெறிமுறைப்படி, இரு தரப்பும் வரவு, சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். ஓர் உதாரணத்துக்கு, பென்ஷன் மாதம் 32,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மருந்துக்கும் செயற்கைக் கால் பராமரிப்புக்கும் 5,000, உதவியாளுக்கு 7,000 போனால், கோர்ட் முன் நிற்கும் உண்மையான தொகை 20,000தான். இதற்கு ரசீது வேண்டும். வாய்ச்சொல் போதாது. இத்தனை சதவீதம் என்ற நிலையான கணக்கு சட்டத்தில் இல்லை. பிள்ளைகளின் தேவையையும் தாயாரின் வருமானத்தையும் சேர்த்துப் பார்த்தே நீதிபதி முடிவு செய்வார்.

உத்தரவு வந்தபின் உடல்நிலை மோசமானால் என்ன செய்வது? பாலத்தில் ஒரு தூண் பலவீனமானால் டிரைவர் தன் இஷ்டத்துக்கு ரயிலை நிறுத்திவிட்டு இறங்கிப் போக மாட்டார். இஞ்சினியர் பார்த்து வேகத்தைக் குறைக்க உத்தரவு தருவார்; வண்டி மெதுவாகவாவது ஓடும். அதுபோல, தொகையைத் தானாக நிறுத்தக் கூடாது. மாறிய நிலைமையைக் காட்டி 146ஆம் பிரிவில் குறைக்கக் கேட்கலாம். பிள்ளைகளின் செலவு கூடினால் தாயாரும் அதே பிரிவில் கூட்டிக் கேட்கலாம். கேட்காமல் நிறுத்தினால், பாக்கியுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை சில. பாக்கித் தொகையை வசூலிக்கும் மனுவை, அது தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். சமரசப் பத்திரத்தில் "பிள்ளைக்கும் எதுவும் வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். மகளின் உரிமையைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கணவர் இன்னும் படையில் இருந்தால், அவருடைய கமாண்டிங் அதிகாரிக்கும் எழுதலாம். இராணுவச் சட்டத்தின்கீழ் சம்பளத்திலிருந்து பிடித்துத் தர வழி உண்டு.

நம் ஊரில் பலருக்கு இன்னொரு தடை, மொழி. கோர்ட் தாள்கள் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ வரும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள், நம்பிக்கையான ஒருவரிடம் படித்துக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், வருமானம் எவ்வளவானாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உண்டு. ஊனமுற்றவர்களுக்கும் உண்டு. ஆக, தகப்பனாரும் அந்தக் கதவைத் தட்டலாம். பென்ஷன் விவரங்களை 'ஸ்பர்ஷ்' கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நாட்டுக்காக உடலைக் கொடுத்தவருக்கு நாம் எந்நாளும் கடமைப்பட்டவர்கள். அவர் மானத்தோடு வாழவே அரசாங்கம் அந்தப் பணத்தைத் தருகிறது. அவருடைய பிள்ளைகள் பீஸ் கட்ட வழியின்றிப் பள்ளி வாசலில் நிற்பது அவருக்கும் மானம் அல்ல. கணவன் மனைவி பிரியலாம். தகப்பன் பிள்ளை உறவுக்கு விவாகரத்து கிடையாது.