உயரமும் தலைமையும்

சிலாங்கூர் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி அமைந்துள்ள ஊர் பாசிர் பெனம்பாங். அங்கிருந்து தஞ்சோங் காராங், புக்கிட் ரோத்தான், ஈஜோக் வரை மீனவர் குடியிருப்புகளும் வயல்வெளிகளும் செம்பனைத் தோட்டங்களும் பரவிக் கிடக்கின்றன. இவ்வட்டாரத்தில் எந்தப் பள்ளித் திடலுக்குச் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். குழு பிரிக்கும்போது, வரிசையில் மற்றவர் தலைக்கு மேல் தெரியும் மாணவரையே எல்லாருடைய கண்களும் முதலில் நாடுகின்றன. காற்பந்தானால் அவரைக் கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்துவார்கள். வலைப்பந்தானால் வளையத்திற்கு அருகில் நிறுத்துவார்கள். பல வேளைகளில் குழுத்தலைவர் பொறுப்பும் அவரிடமே ஒப்படைக்கப்படுகிறது. வரிசையின் கடைசியில் நிற்கும் குள்ளமான மாணவர் கையை உயர்த்தத் தயங்குகிறார்.

இது சிறுவர்களிடம் மட்டும் காணப்படும் பழக்கமன்று. உயரமானவர்கள் தலைமைப் பொறுப்புக்கு எளிதில் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்பதை உளவியல் ஆய்வுகளும் எடுத்துக்காட்டியுள்ளன. உயரமானவரைக் கண்டதும் அவர் வலிமை மிக்கவர், துணிவு மிக்கவர் என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. அவர் வாயைத் திறந்து ஒரு சொல் பேசும் முன்னரே இந்த முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. ஆனால், தேர்ந்தெடுக்கப்படுவது வேறு. தலைமையேற்று நடத்துவது வேறு. உயரம் ஓர் ஆட்டக்காரருக்கு எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பதை அறிய விளையாட்டு உலகமே தகுந்த இடமாகும்.

உயரத்திற்குப் பெருமதிப்பு அளிக்கும் விளையாட்டுகளுள் ஒன்று ஆஸ்திரேலிய விதிக் காற்பந்து. இதன் விதிமுறைகள் 1859ஆம் ஆண்டு மெல்பர்னில் எழுதப்பட்டன. நீள்வட்டத் திடலில் அணிக்கு 18 பேர் ஆடுவர். முட்டை வடிவப் பந்தைக் காலால் உதைக்கலாம். கையாலும் குத்தி அனுப்பலாம். ஒருவர் உதைத்த பந்து 15 மீட்டருக்குக் குறையாமல் பறந்து வரும்போது, தரையில் விழுவதற்கு முன் அதைப் பிடித்துவிட்டவர் இடையூறின்றி உதைக்கும் உரிமையைப் பெறுகிறார். ஆகவே, மற்றவர்களுக்கு மேலே எம்பிப் பந்தைப் பிடிக்கக்கூடிய நெட்டையர்களை ஒவ்வோர் அணியும் தேடுகிறது. ஆட்டத்தைத் தொடங்கும்போது நடுவர் பந்தை மேலே எழுப்புவார். இரு அணிகளின் மிக உயரமான ஆட்டக்காரர்கள் துள்ளிக் குதித்து, அதைத் தம் அணியினரின் பக்கம் தட்டிவிட முயல்வார்கள். இந்தப் பணிக்கு வருபவர்களுள் இரண்டு மீட்டருக்கு மேல் உயரம் உடையவர்கள் பலர்.

ஆயினும், தட்டிவிடப்பட்ட பந்து தரையை நோக்கி வந்ததும் ஆட்டத்தின் தன்மை மாறிவிடுகிறது. கால்களுக்கிடையில் உருளும் பந்தைக் குனிந்து எடுப்பதற்கும், நெரிசலுக்குள் நுழைந்து வெளியேறுவதற்கும், நொடியில் திரும்பி ஓடுவதற்கும் குறைந்த உயரம் பெரும் துணையாகிறது. நெட்டையர் வென்று தரும் பந்தைக் குட்டையர் எடுத்துச் செல்லாவிட்டால் அந்த வெற்றிக்குப் பயனில்லை. இவ்விளையாட்டில் இருவகையினரும் ஒருவரையொருவர் சார்ந்தே நிற்கின்றனர்.

இந்த விளையாட்டில் தலைமை யாருக்குக் கிடைத்தது? மெல்பர்ன் அணி 1964ஆம் ஆண்டுக்குப் பிறகு வெற்றிக் கிண்ணத்தைக் காணாமல் 57 ஆண்டுகள் காத்திருந்தது. 2021இல் அந்தக் காத்திருப்பை முடித்துவைத்தபோது அதன் தலைவராக இருந்தவர் மெக்ஸ் கோன். அவருடைய உயரம் ஏறத்தாழ 2.08 மீட்டர். இதை மட்டும் பார்த்தால் உயரமே தலைமையைத் தருகிறது என்று தோன்றும். ஆனால், வட மெல்பர்ன் அணிக்குத் தலைமையேற்ற பிரெண்ட் ஹார்வியின் உயரம் 1.67 மீட்டர் மட்டுமே. உடல்மோதல் மிகுந்த அவ்விளையாட்டில் அவர் 432 ஆட்டங்கள் ஆடி, 2016இல் ஓய்வுபெற்றார்.

2024ஆம் ஆண்டின் வெற்றியாளரான பிரிஸ்பேன் அணி இதற்கு மேலும் தெளிவான சான்றாகும். அவ்வணிக்கு அவ்வாண்டில் இரு தலைவர்கள் இருந்தனர். ஒருவர் 2.02 மீட்டர் உயரமுள்ள ஹாரிஸ் ஆண்ட்ரூஸ். மற்றவர் 1.77 மீட்டர் உயரமுள்ள லாக்கி நீல். ஆண்ட்ரூஸ் தற்காப்பு ஆட்டக்காரர். பின்னால் நிற்பதால் திடல் முழுவதும் அவர் கண்முன் விரிகிறது. எதிரணியினர் எங்கே கூடுகிறார்கள் என்பதைக் கண்டு அவரால் குரல் கொடுக்க முடியும். நீல் நடுத்திடல் ஆட்டக்காரர். பந்துக்கான போராட்டம் நடக்கும் இடத்திலேயே அவர் இருப்பார். தளர்ந்துபோகும் தோழருக்கு அடுத்த நொடியிலேயே தோள் கொடுக்க அவரால் முடியும். 2011ஆம் ஆண்டுப் புதுமுக ஆட்டக்காரர் தேர்வில் நீல் 58ஆவது ஆளாகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்கு முன்பு 57 பேரை அணிகள் தேர்ந்தெடுத்துவிட்டன. பின்னாளில் அவரே சிறந்த, நேர்மையான ஆட்டக்காரருக்குரிய பிரவுன்லோ பதக்கத்தை 2020, 2023 ஆகிய இரு ஆண்டுகளில் வென்றார். இருவரும் 25 சென்டிமீட்டர் வேறுபாடு கொண்டவர்கள். இறுதியாட்டத்தில் சிட்னி அணியை 120க்கு 60 என்ற புள்ளிக் கணக்கில் வென்றபோது, அந்த வேறுபாடு அவர்களின் தலைமைக்குத் தடையாக நிற்கவில்லை.

தமிழர்களிடையே உயரத்தின் பயனையும் அதன் எல்லையையும் ஒருங்கே உணர்த்தும் வாழ்க்கை தர்ஜினி சிவலிங்கத்தினுடையது. அவர் இலங்கையின் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அவருடைய உயரம் 2.08 மீட்டர். உலக வலைப்பந்து ஆட்டக்காரர்களுள் மிக உயரமானவராக அவர் போற்றப்படுகிறார். ஆனால், இளமையில் அதே உயரம் அவரைக் கேலிக்கு ஆளாக்கியது. எங்குச் சென்றாலும் பிறர் திரும்பிப் பார்க்கும் நிலை ஒரு சிறுமிக்கு எளிதானதன்று. கேலியாகப் பார்க்கப்பட்ட உயரம் பயனுள்ளதாக மாறிய இடம் வலைப்பந்துத் திடல்.

அதற்கான காரணம் வலைப்பந்தின் விதிகளில் இருக்கிறது. தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் வளையம் பொருத்தப்பட்டிருக்கும். பந்தை எறிபவரைத் தடுப்பவர் அவரிடமிருந்து 0.9 மீட்டர் விலகியே நிற்க வேண்டும். ஆகவே, மிக உயரமானவர் கையை உயர்த்திப் பந்தைப் பிடித்துவிட்டால், அவரைத் தடுப்பது மிகக் கடினம். தர்ஜினி இலங்கை அணியின் நம்பிக்கைக்குரிய கோல் ஆட்டக்காரரானார். இலங்கை 2009இல் ஆசிய வெற்றியாளர் பட்டத்தை வென்றபோது அவர் அணியில் ஆடினார். பின்னர் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலும் வலைப்பந்து ஆடினார். அணித் தலைவியாகவும் பொறுப்பேற்றிருந்தார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், பெரும்பாலும் சிங்களம் பேசும் தோழியரோடு இணைந்து நாட்டுக்காக ஆடினார்.

இனி, உயரத்தின் எல்லையைக் காண்போம். வலைப்பந்தில் அணிக்கு எழுவர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது. மூன்று வினாடிகளுக்குள் அதை வேறொருவருக்கு அனுப்பிவிட வேண்டும். திடல் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு முழுப் பகுதியைத் தாண்டிப் பந்தை வீசுவதும் விதிமீறலாகும். எனவே, வளையத்தின் அருகே நிற்பவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும், பந்து பல கைகளைக் கடந்துதான் அவரை வந்தடைய வேண்டும். அந்தக் கைகள் தடுமாறினால், உயர்த்தி நீட்டிய கை வெறுங்கையாகவே நிற்கும்.

2019ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது. நாற்பது வயதை ஒட்டியிருந்த தர்ஜினி அப்போட்டியில் 348 கோல்களைப் போட்டார். அந்தப் போட்டியில் வேறு எவரும் அத்தனை கோல்களைப் போடவில்லை. ஆனால், பங்கேற்ற 16 அணிகளுள் இலங்கைக்குக் கிடைத்தது 15ஆவது இடம். உலகிலேயே மிகுதியான கோல்களைப் போட்டவரைக் கொண்ட அணி, தரவரிசையின் அடியில் நின்றது. தனியொருவரின் உயரத்தால் ஓர் அணியை எவ்வளவு தூரம் தூக்கிச் செல்ல முடியும் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதிய விளக்கமாகும்.

அதற்கு முந்திய ஆண்டில் நிகழ்ந்தது இதன் மறுபக்கம். 2018இல் சிங்கப்பூரில் நடைபெற்ற ஆசிய வெற்றியாளர் போட்டியின் இறுதியாட்டத்தில், இலங்கை அணி சிங்கப்பூரை 69க்கு 50 என்ற கணக்கில் வென்றது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பட்டம் அது. தர்ஜினி அணிக்குத் திரும்பி வந்து கோல் மழை பொழிந்தார். ஆனால், அப்போது அணித் தலைவி அவரல்லர், சதுரங்கி ஜயசூரிய. முன்பு தலைமையேற்றிருந்தவர், வேறொருவரின் தலைமையின்கீழ் தமக்குரிய இடத்தில் நின்று தம் பணியைச் செய்தார். தலைவி தம்மைவிட உயரமான, புகழ்பெற்ற ஆட்டக்காரரை அணியின் வெற்றிக்குப் பயன்படுத்தினார். தலைமை என்பது முன்னால் நிற்பது மட்டுமன்று. யார் எங்கே நின்றால் அணிக்கு நன்மை என்பதை அறிவதும் தலைமையே.

மலேசியக் காற்பந்து வரலாற்றிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. 1980ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6ஆம் நாள், மெர்டேக்கா அரங்கில் மலேசிய அணி தென் கொரியாவை 2க்கு 1 என்ற கோல் கணக்கில் வென்று மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதிபெற்றது. அக்காலத்து அணியின் கோல் காவலர் சிலாங்கூர் ஆட்டக்காரர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைத் தடுத்ததால் இரசிகர்கள் அவரை ‘ஸ்பைடர்மேன்’ என்று அன்புடன் அழைத்தனர். அணியின் தலைவர் தற்காப்பு ஆட்டக்காரரான சோ சின் ஆன். அவரைத் ‘தவுக்கே’, அதாவது முதலாளி, என்று அழைத்தனர். நீண்ட கைகளுக்கு ஒரு பட்டப்பெயர். பொறுப்புணர்வுக்கு மற்றொரு பட்டப்பெயர். ஆப்கானிஸ்தான் மீதான சோவியத் படையெடுப்பைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக் போட்டியைப் புறக்கணித்தது. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் காலமானார். ஆயினும், அந்த அணியை மக்கள் மறக்கவில்லை. அதைத் தழுவி 2016இல் ‘ஓலா போலா’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லாரும் சேர்ந்து ஆடிய அணி என்பதே அது நெஞ்சில் நிலைத்ததற்குக் காரணம்.

இச்சான்றுகள் அனைத்தும் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன. உயரம் ஓர் ஆட்டக்காரர் திடலில் எந்த இடத்தில் நிற்பார் என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது. அவர் தலைவராவாரா என்பதை அது முடிவு செய்வதில்லை. தலைவருக்கு வேண்டியவை வேறு. ஆட்டத்தின் போக்கை மற்றவர்களுக்கு முன்பே உணர்தல் வேண்டும். தவறு செய்த தோழரைத் திட்டாமல் திருத்துதல் வேண்டும். நடுவரிடம் பணிவாகவும் தெளிவாகவும் பேசுதல் வேண்டும். தோற்கும் வேளையிலும் ஓட்டத்தைக் குறைக்காதிருத்தல் வேண்டும். இவற்றுள் எதையும் அளவுநாடாவைக் கொண்டு அளக்க முடியாது. பல நாள் பயிற்சியில் ஒருவரைக் கூர்ந்து கவனித்தால் மட்டுமே அறிய முடியும்.

மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பது பழமொழி. இதைக் குள்ளமானவர்களுக்கான ஆறுதல் மொழியாக மட்டும் கருதக்கூடாது. உயரமானவரை, உயரமானவர் என்பதற்காகவே ஒதுக்குவதும் தவறுதான். கேலி செய்வது அதைவிடப் பெரிய தவறு. கோனும் ஆண்ட்ரூஸும் தலைவர்களானது உயரத்தால் அன்று. உயரம் இருந்ததால் அவர்களின் தகுதி குறைந்துவிடவும் இல்லை.

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் திடலொன்றில் அடுத்த முறை குழு பிரிக்கப்படும்போதும், கண்கள் முதலில் உயரமானவரையே நாடும். அவர் வளையத்தின் அருகிலோ கோல் கம்பங்களுக்கு நடுவிலோ நிற்பது பொருத்தமே. ஆனால், குழுத்தலைவர் யார் என்று கேட்கும்போது, வரிசையின் கடைசிவரை பார்ப்பது நல்லது. கடந்த வாரம் மழையில் ஆட்டம் நின்றபோது, சிதறிக் கிடந்த பந்துகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, வழுக்கி விழுந்த தோழனைக் கைதூக்கிவிட்டுக் கடைசியாகத் திடலை விட்டுச் சென்றவர் அங்கே நின்றுகொண்டிருக்கலாம்.