பட்டம் வாங்கியாச்சு... மறுபடியும் அம்மா-அப்பா வீடா?

பல்கலைக்கழக விடுதி அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டியோடு பெற்றோரின் வீவக வீட்டுக்குத் திரும்பியிருக்கிறீர்களா? "எப்ப தனியா போகப் போறே?" என்று யாராவது கேட்டால் சங்கடப்பட வேண்டாம். சிங்கப்பூரில் விதிகளே அப்படி.

திருமணமாகாதவர் தனியாக வீவக வீடு வாங்கப் பொதுவாக 35 வயதாகியிருக்க வேண்டும். புது வீடு என்றால் ஈரறை ஃபிளெக்ஸி மட்டும்தான். திருமணம் செய்யவிருக்கும் ஜோடிக்கு 21 போதும். அறை வாடகைக்கு எடுக்கலாமே? எடுக்கலாம். ஆனால் சம்பளத்தில் 20 விழுக்காடு மத்திய சேமநிதிக்குப் போன பிறகு, வாடகையும் கட்டினால் கையில் என்ன நிற்கும்?

ஆக, இது சில மாத விஷயமல்ல, பத்தாண்டைத் தாண்டலாம். விருந்தாளி மாதிரி இருந்தால் சரிப்படாது.

முதலில் பணத்தைப் பேசுங்கள். "எங்களுக்கு எதுக்கு, நீயே வச்சுக்கோ" என்பார் அம்மா. கையில் கொடுத்தால் உங்களுக்கே நகை வாங்கச் சேர்த்துவைப்பார்! தண்ணீர், மின்சாரக் கட்டணத்தை உங்கள் கணக்கிலிருந்து ஜைரோவில் கட்டுங்கள். அதைத் திருப்பித் தர முடியாது.

வரியிலும் பலன் உண்டு. 55 வயதை எட்டிய, வருமானம் குறைவாக உள்ள பெற்றோரை உடன் இருந்து பராமரித்தால் ஒருவருக்கு 9,000 வெள்ளி வரிக்கழிவு. தனி வீட்டில் இருந்தால் 5,500தான். அண்ணன் தங்கையோடு பகிர்ந்துகொள்ளலாம்.

இரவு நேரம்தான் பெரிய சிக்கல். விடுதியில் 2 மணிக்கு வந்தாலும் யாரும் கேட்கவில்லை. இங்கே அப்பா ஹாலில் உட்கார்ந்திருப்பார். அனுமதி கேட்பது வேறு, தகவல் சொல்வது வேறு. "11 மணிக்கு மேல ஆகும், சாப்பாடு எடுத்துவைக்க வேணாம்" என்று மாலை 6 மணிக்கே வாட்ஸ்அப் அனுப்பிவிடுங்கள்.

அறைக் கதவைத் தட்டிவிட்டு வரச் சொல்வதற்கு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும்.